நாற்றம் நின்றால் ஏறிவிடு: நீங்கள் பார்த்ததிலேயே மோசமான வேலை எது?

வாசகர் கேள்வி, 1 பிப்ரவரி 2025

"கடன் வசூல் வேலை பார்த்தவன் நான். காலையில் லிஸ்ட் கையில் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் பணம் வரணும். வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கத்தார் காதில் விழுகிற மாதிரி பேசணும். இதைவிட மோசமான வேலை இருக்கவே முடியாது என்கிறேன். இருந்தால் சொல்லுங்கள். மோசம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கூலியா, நாற்றமா, மேலே இருக்கிற ஆளா?"

2 பிப்ரவரி 2025, இரவு 10.40

தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுகிற ஆலை. அதிலும் ஈர வேலை.

வாணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ முடித்த கையோடு போனேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான். அதனால் ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் உப்புப் போட்ட தோல் வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து உப்பைத் தட்டுவார்கள். அடுத்து தண்ணீரில் ஊறல். அதன்பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டி. அதில் கிடந்து எடுத்தால் முடி கூழாகி வழித்துக்கொண்டு வரும். பிறகு சவ்வு எடுக்கிற மிஷின். பிறகு சுண்ணாம்பை நீக்கி, கந்தக அமிலமும் உப்பும் சேர்த்து "பிக்கிள்" போடுவார்கள். கடைசியில் பெரிய மர டிரம்மில், தோல் அழுகாமல் இருக்கக் குரோம் உப்பு. டிரம் கதவைத் திறந்தால் வெளிர் நீலத்தில் தோல் சரிந்து விழும். அதுதான் வெட் புளூ. கடையில் நீங்கள் பார்க்கிற செருப்பும் பெல்ட்டும் அதற்கு ரொம்பப் பிற்பாடு வருகிற கதை.

கேட்டவர் நாற்றமா என்று கேட்டிருக்கிறார். நாற்றம் உண்டு. பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள், கல்யாண வீட்டில் ஒதுங்கி நிற்பார்கள். அந்த வேலைக்குப் போகிறவன் என்ன சாதி என்று கேட்காமலே முடிவு செய்துகொள்வார்கள். அது வலித்தது. ஆனால் நான் அதை மோசமான வேலை என்று சொல்வதற்கு நாற்றம் காரணமில்லை. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது ஷிப்ட்.

3 பிப்ரவரி 2025, காலை 7.15

எழுத உட்கார்ந்தால் முதலில் கைதான் ஞாபகம் வருகிறது.

சுண்ணாம்பும் சல்பைடும் முடியைக் கரைக்கிற சரக்கு. நம் நகமும் முடியும் ஒரே புரதம்தான். கையுறை கிழிந்திருந்தால் அது உள்ளே புகுந்துவிடும். நகக்கண் வெந்து, விரல் நுனித் தோல் மெழுகு மாதிரி வழவழப்பாகும். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போவோம். இருபது முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவர்களுக்கு விரலில் ரேகையே இருக்காது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்த பிறகு எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் ஒவ்வொரு மாதமும் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். எதுவும் ஏறாது. கடைக்காரர் நல்ல மனுஷர், விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார். வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அரிசி வாங்க "நான் நான்தான்" என்று நிரூபிக்க முடியாமல் ஒரு மனுஷன் நிற்கிறார். வேலை அவர் கையிலிருந்து அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

5 பிப்ரவரி 2025, இரவு 11.05

கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நீளமாக இருக்கும்.

ஷாப்பில் எல்லாக் கழிவுத் தண்ணீரும் கடைசியில் ஒரு தரைமட்டத் தொட்டிக்கு வரும். அடியில் சேறு கட்டும். சுண்ணாம்பு, முடி, சவ்வு எல்லாம் சேர்ந்த சேறு. அது மோட்டார் வாயை அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கி எடுக்கணும். கம்பெனி ஆட்களை இறக்க மாட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள் வருவான். பெரும்பாலும் ராத்திரியில்.

ஈர வேலைப் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் மாமா என்போம். நான் சேர்ந்த புதிதில் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்திச் சொன்னார்:

"தம்பி, நாத்தம் அடிக்குதா? அடிக்கட்டும். அடிக்கிற வரைக்கும் நீ உசுரோட இருக்க. அடிச்சுக்கிட்டே இருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு மேல ஏறிடு. ஏன் எதுக்குன்னு கேக்காத."

எனக்கு அது ஏதோ பழைய ஆட்கள் நம்பிக்கை என்று பட்டது. ஆனாலும் மனதில் தங்கிவிட்டது.

பிறகு ஒரு ராத்திரி மோட்டார் அடைத்துக்கொண்டது. காண்ட்ராக்ட் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். வேறு மாவட்டம், தோல் ஷாப்பையே அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் டார்ச் அடித்து "சேறுதான், கால் மணி நேர வேலை" என்றார். மாமா தோல் கட்டு கட்டுகிற தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து வந்து ஒரு பையன் இடுப்பில் சுற்றினார். சூப்பர்வைசர் சிரித்தார். மாமா கண்டுகொள்ளவில்லை. மறுமுனையை என் கையில் கொடுத்து, "இழுக்கச் சொன்னா இழு, வேற எங்கயும் பாக்காத" என்றார்.

பையன் இரும்பு ஏணியில் பாதி இறங்கியிருப்பான். மேலே பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஏணியைப் பிடித்திருந்த கை தானாகக் கழன்றது. மாமா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று பேர் இழுத்தோம். தொட்டி விளிம்பில் அவன் தாடை இடித்து ரத்தம். மேலே போட்டதும் அசைவு இல்லை, பிறகு இருமினான், பிறகு வாந்தி. கண் இரண்டும் செக்கச்செவேல். இன்னொரு பையன் அவனைப் பிடிக்கத் தொட்டிக்குள் குதிக்கப் போனவன், மாமா அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையில் தள்ளியிருந்தார்.

கோலி சோடா வாங்கிக் கொடுத்து, ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். மறுநாள் ஷாப்பில் ஓடிய பேச்சு: "அந்தப் பையனுக்கு வலிப்பு நோய் இருக்காம்."

அவனுக்கு வலிப்பும் இல்லை, எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் டிரம்மிலிருந்து பிக்கிள் அமிலத் தண்ணீரை அந்தத் தொட்டிக்கே திறந்து விட்டிருந்தார்கள். திறந்துவிடச் சொன்னவருக்கு அது தெரியும். ஏணியில் இறங்கியவனுக்குத் தெரியாது. சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "தம்பி, உள்ளே ஆசிட் தண்ணி விட்டிருக்கு, இன்னைக்கு இறங்காத." அவ்வளவுதான்.

கூலி குறைவான வேலை உண்டு, நாறுகிற வேலை உண்டு, முதுகு ஒடிகிற வேலை உண்டு. ஆபத்து என்னவென்று தெரிந்த ஆள் மேலே நின்றுகொண்டு, தெரியாத ஆளை வாய் திறக்காமல் உள்ளே இறக்குகிற வேலைதான் என் கணக்கில் மோசமான வேலை.

6 பிப்ரவரி 2025, காலை 6.50

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிழைத்துக்கொண்டான். மறுபடி எங்கள் பக்கம் வரவில்லை. மாமா பெயரைக் கேட்காதீர்கள், அவர் பிள்ளைகள் இன்னும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

8 பிப்ரவரி 2025, மாலை 5.30

பிறகு நான் டிப்ளமோ கெமிக்கல் படித்தேன். இப்போது வேறு ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை. வகுப்பில் வாத்தியார் சல்பைடுடன் அமிலம் சேர்த்தால் என்ன வரும் என்று போர்டில் எழுதினார். ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்குகூட வேண்டாம், அதற்குக் கீழேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். 100 பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500-க்கு மேல் போனால் சீக்கிரமே ஆள் சாய்ந்துவிடுவான், 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சு போதும்.

மாமா சொன்னது அப்படியே அந்த அட்டவணையில் இருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர். பக்கத்தில் நின்றவர்கள் விழுந்ததைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் ஒன்று. அவர் சொன்னது கடைசி எச்சரிக்கைதான், பாதுகாப்பு கிடையாது. வாயு அதிகமாக இருந்தால் நாற்றம் நின்றதை உணர்ந்து ஏறுவதற்குக்கூட அவகாசம் இருக்காது. அந்தப் பையனுக்கு இருந்ததா?

மேலே இரண்டு பேர் எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், யாராவது படித்துவிட்டுச் செய்துபார்க்கக் கூடாது.

"விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தால் போதும், அணைந்தால் இறங்கக் கூடாது." கிணற்றுக்கு நம் ஊரில் காலங்காலமாகச் செய்வது. பிராணவாயு மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அது உண்மை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்கிற அளவில் இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். இன்னும் கூடினால் அந்த வாயுவே தீப்பிடிக்கும், கூட மீத்தேன் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொட்டிக்கு விளக்கு ஆகாது, வாயு மீட்டர்தான் வேண்டும்.

"ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும்." போதாது. கொரோனா மாஸ்க்கும் போதாது. துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

9 பிப்ரவரி 2025, மதியம் 1.20

"இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் கோவை நண்பர். இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 36-வது பிரிவு. (பின்குறிப்பு: 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கீழே சொல்வது அதற்கு முந்தின நிலை.) தொட்டி, குழி, சேம்பர் எதுவானாலும், உள்ளே இருக்கிற விஷ வாயுவை வெளியேற்ற முடிந்த எல்லாவற்றையும் செய்யாமல் ஆளை இறக்கக் கூடாது. அது போக, தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தரணும். இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் போட்டிருக்கணும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்கணும்.

கயிறு! மாமா நார்க்கயிற்றை எடுத்து வந்தபோது சூப்பர்வைசர் சிரித்தாரே, அந்தக் கயிறு சட்டத்தில் இருக்கிறது. சுவாசக் கருவியோடு சேர்த்து.

அடுத்தது 36ஏ. அப்படிப்பட்ட இடத்துக்குள் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கை விளக்கு கொண்டுபோகக் கூடாது. நான் பார்த்த இடங்களில் ஹாலஜன் லைட்டை ஒயரில் தொங்கவிடுவார்கள்.

போபாலுக்குப் பிறகு 1987-ல் திருத்தம் வந்தது. அதில் 111ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விவரத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது அது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் அதைக் கேட்டதில்லை. கேட் பக்கத்தில் தகரப் பலகையில் குறைந்தபட்சக் கூலி எழுதியிருக்கும், அதுவும் மங்கி.

9 பிப்ரவரி 2025, இரவு 9.45

சென்னை சாக்கடை வேலையை ஒருத்தர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, அதுவும் இதே வாயு, இதே சாவு. அங்கே இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தரணும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது, முன்பு 2014 தீர்ப்பில் 10 லட்சமாக இருந்தது. அங்கே உயிரைக் கொடுத்து, போராடி, அந்த எண்ணை வாங்கியிருக்கிறார்கள். தோல் ஷாப்புத் தொட்டியில் விழுந்தவன் வீட்டுக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பேரம் நடக்கும், நான் நின்று கேட்டிருக்கிறேன்.

15 பிப்ரவரி 2025, மாலை 6.10

ஒரு வாரமாக வர முடியவில்லை. பக்கம் நீண்டிருக்கிறது. குரோம் பட்டாலே புற்றுநோய் என்று எழுதியவருக்கு: குரோமியத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்கணும். ஷாப்பில் டிரம்மில் போடுவது மூன்று இணைதிற குரோமிய உப்பு. தோல் அரிப்பு, புண் வரும், ஆனால் புற்றுநோய்ப் பயம் முக்கியமாக ஆறு இணைதிற குரோமியத்தில். அது குரோமேட் தயாரிக்கிற ஆலைகளின் சங்கதி. ராணிப்பேட்டையில் அப்படி ஒரு ஆலை மூடிக் கிடந்து, லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலையாக நின்றது. மழை பெய்தால் மஞ்சளாக ஊறி வரும் தண்ணீர் அதுதான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் தொழிற்சாலைக்காரர் ஒரே வரியில் "பாருங்க, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று தள்ளிவிடுவார். சரியாகச் சொன்னால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே ராணிப்பேட்டை. 2015 ஜனவரி 31, விடியற்காலம். சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். போன மாதத்தோடு பத்து வருஷம். தூங்குகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பத்துப் பேரில் யாருக்காவது சொல்லியிருப்பார்களா?

தோல் ஷாப்புக் கழிவு பாழாக்கிய பாலாறு பற்றி: 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. இப்போது 2025 ஜனவரி 30-ல் பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு. இரண்டும் வேண்டிய தீர்ப்புதான், நன்றியோடு சொல்கிறேன். ஆற்றுக்கு வழக்குப் போட ஆள் இருந்தது. தொட்டிக்குள் இறங்கியவனுக்காகப் போடப்பட்ட வழக்கு எதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில் இல்லை.

16 பிப்ரவரி 2025, காலை 10.00

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் வேறு விஷயம். குரோம் வருவதற்கு முன் நம் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அந்தத் தோலுக்கு வாசனையே வேறு, மாமா பழைய கடுக்காய்ச் சாந்து வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மலர்ந்துவிடும். சென்னையில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் ஆலையால்தான், தினமும் ரயிலில் போகிறவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்!

இங்கிலாந்தில் பழைய காலத்தில் தோலை மிருதுவாக்க நாய் மலம் பயன்படுத்தினார்கள். லண்டன் தெருக்களில் அதைப் பொறுக்கிக் கூடையில் சேர்த்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள், வயதான பெண்களும் அதில் உண்டு. இப்போது அந்த வேலையை நொதிப் பொடி செய்கிறது. ஒரு மோசமான வேலை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது, அதற்கு மாற்று கண்டுபிடித்தவர்களால். தொட்டிச் சேற்றை எடுக்கவும் பம்பு இருக்கிறது, உறிஞ்சு லாரி இருக்கிறது. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, வாடகைக்கு எடுத்தால் போதும்.

22 பிப்ரவரி 2025, இரவு 10.15

கடன் வசூல் நண்பர் மறுபடி எழுதியிருந்தார். படித்துவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லை.

ஒரு வீட்டுக்கு அனுப்பினார்களாம். இவர் வழக்கம்போல வாசலில் நின்று பேசியிருக்கிறார். உள்ளே இருந்த அம்மா வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, வீட்டுக்காரர் முந்தின வாரம் மருந்து குடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸுக்கு அது முன்பே தெரியுமாம். லிஸ்ட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் இல்லை.

நண்பரே, உங்கள் வேலையையும் என் வேலையையும் தராசில் வைக்க இனி எனக்கு மனம் வரவில்லை. உங்களையும் தெரியாமல்தான் இறக்கியிருக்கிறார்கள். ஏணி இல்லை, வாயு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் அன்றைக்கே லிஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தது சாதாரணக் காரியம் இல்லை.

1 மார்ச் 2025, மாலை 4.40

"ஷாப்பை மூடினால் ஆயிரக்கணக்கான குடும்பம் என்ன செய்யும்?" என்கிறார் ஆம்பூர்க்காரர், கோபமாக. மூடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? என் தங்கை கல்யாணம் அந்தக் கூலியில் நடந்தது. எங்கள் தெருவில் மாடி வீடு எழும்பியது அந்தத் தொழிலில்தான். சவ்வு மிஷினில் தோல் கிழியாமல் எடுக்கிற ஆளின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோலின் எந்த இடம் தடிமன், எது மெல்லிசு என்று விரலால் தடவியே சொல்வார். அந்த வேலைத்திறமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆடிட் நாள் ஞாபகம் இருக்கிறதா ஆம்பூர் நண்பரே? வெளிநாட்டு வியாபாரி வருகிறார் என்றால் காலையில் புது பூட்ஸ், கையுறை, கண்ணாடி எல்லாம் கைக்கு வரும். எல்லா பூட்ஸும் ஒரே சைஸ். சின்னக் கால்காரர்கள் தடுக்கித் தடுக்கி நடக்க, ஷாப்பே சிரிக்கும். மாமாவுக்கும் சிரிப்புத் தாங்காது. சாயங்காலம் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்கி ஸ்டோரில் பூட்டிவிடுவார்கள். அதாவது, என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வாங்கியும் வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

8 மார்ச் 2025, காலை 8.30

திருப்பத்தூரிலிருந்து எழுதிய தங்கைக்கு. உங்கள் தம்பி அடுத்த வாரம் ஈர வேலையில் சேருகிறார் என்றும் என்ன கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்.

சேரும் அன்றே கழிவுத் தொட்டி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிக்கிள் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது, சுண்ணாம்புத் தண்ணீர் எதில் போகிறது, இரண்டும் எங்கே சேர்கிறது என்று பழைய ஆள் ஒருவரைக் கேட்கட்டும். மேஸ்திரியைவிடப் பழைய ஆள் நல்லது. தொட்டி சுத்தம் செய்வது அவர் வேலை இல்லை என்றால், அவசரம், ஆள் இல்லை, பத்து நிமிஷம் என்று யார் சொன்னாலும் இறங்க வேண்டாம். அவர் வேலைதான் என்றால், வாயு மீட்டர் எங்கே, அதில் எண் என்ன காட்டுகிறது, சான்று யார் எழுதினார், சுவாசக் கருவி எங்கே, கயிறு யார் கையில் என்று கேட்ட பிறகுதான் ஏணியில் கால் வைக்கணும். பதில் வராவிட்டால் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடட்டும், கூலி போனால் போகட்டும்.

இன்னொன்று, இதை அவரை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வையுங்கள். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் தூக்கப் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கூடப் பிறந்தவனாக இருந்தாலும். தொட்டிச் சாவுகளில் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் பல நேரம் காப்பாற்றப் போனவர்கள்தான். சத்தம் போட்டு ஆள் கூட்டணும், 101-க்கும் 108-க்கும் போன் அடிக்கணும், கயிறு இருந்தால் வெளியிலிருந்து இழுக்கணும்.

கையுறை இரண்டு ஜோடி நீங்களே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை. சேர்ந்த பிறகு தொட்டியைப் பற்றிக் கேட்டதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், பதில் மட்டும் போதும்.